ஸ்கைடைவிங்: புதிதாக வாங்கிய சொந்த ரிக்கை எப்படிப் பழகிக்கொள்வது?

கேள்வி: அமெரிக்காவில் ஏ லைசென்ஸ் (முதல் நிலை உரிமம்) எடுத்து 45 ஜம்ப் முடிந்துவிட்டது. இதுவரை பயிற்சிப் பள்ளியின் ரிக் (பாராசூட்டும் அதைச் சுமக்கும் பையும் பட்டைகளும்), 230 சதுர அடி கேனபி (விரியும் பாராசூட் துணி). இப்போது புதிய கன்டெய்னர் (முதுகுப் பை), 190 சதுர அடி மெயின் (முதன்மைப் பாராசூட்), ரிசர்வ் (அவசரப் பாராசூட்), ஏஏடி (ரிசர்வைத் தானாகத் திறக்கும் கருவி) எல்லாம் சொந்தமாக வாங்கிவிட்டேன். முதல் ஜம்ப்புக்கு முன் என்னென்ன செய்ய வேண்டும்?

பதில்:

45 ஜம்ப்பாக உங்கள் கை பள்ளி ரிக்கைத்தான் படித்திருக்கிறது. அவசரத்தில் அது பழைய இடத்துக்கே போகும். புது ரிக்கில் கைப்பிடி அங்கே இருக்காது. நான்கு விரல் தள்ளி இருக்கலாம், வடிவமே வேறாக இருக்கலாம். ஆகவே முதல் வாரம் முழுக்கத் தரையில் செலவழியுங்கள்.

முதலில் எடைக் கணக்கு. உடல் எடை 75 கிலோ என்றால் 165 பவுண்டு. ரிக் சுமார் 25, உடை, ஷூ, ஹெல்மெட் 5. ஆக 195 பவுண்டு. 230 அடிக் கேனபியில் சதுர அடிக்கு 0.85 பவுண்டாக இருந்தது 190-ல் 1.03 ஆகிறது. ஏ லைசென்ஸ்காரருக்கு 1.0-ஐ ஒட்டி இருப்பதுதான் நல்லது, அதனால் 190 சரியான தேர்வு. இதே எடைக்கு 170 என்றால் 1.15, அதை இப்போது நினைக்கவே வேண்டாம். ஆனால் 190-ம் உங்களுக்கு ஒரு பெரிய மாற்றம்தான். லைன்கள் குட்டை, திரும்பும் வேகம் அதிகம், இறங்கும் வேகமும் அதிகம்.

ரிசர்வை ரிக்கர் (பாராசூட்டை மடித்துப் பழுதுபார்க்கும் உரிமம் பெற்றவர்) முதல் தடவை மடிக்கும்போது ஒரு வாய்ப்பு இருக்கிறது, தவறவிடாதீர்கள். புது கன்டெய்னரில் ரிசர்வ் எப்படியும் ஒருமுறை மடிக்கப்பட வேண்டும். அமெரிக்காவில் அதன் பிறகு 180 நாளுக்கு ஒருமுறை. முதல் தடவை மடித்ததும், ரிக்கரிடம் சொல்லிவைத்து, ரிக்கைப் போட்டுக்கொண்டு நீங்களே ரிசர்வ் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். திரும்ப மடிக்கக் கூடுதல் காசு கொடுக்க நேர்ந்தாலும் பரவாயில்லை. இழுவிசை 22 பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது தர விதி, ஆனால் அந்த எண்ணைப் படிப்பது வேறு, தோளும் முழங்கையும் அதை உணர்வது வேறு. எவ்வளவு தூரம் இழுத்தால் பின் (கன்டெய்னரைப் பூட்டியிருக்கும் உலோக ஊசி) வெளியே வருகிறது என்பதும் அப்போதுதான் தெரியும்.

அடுத்து கைப்பிடிகள். பள்ளி ரிக்கில் ரிசர்வுக்குப் பெரும்பாலும் உலோக வளையம் இருக்கும்; கட்டைவிரலை நுழைத்து இழுத்துப் பழகியிருப்பீர்கள். புது ரிக்கில் கட்டவே (மெயினைக் கழற்றிவிடும் கைப்பிடி), ரிசர்வ் இரண்டுமே துணித் தலையணை போல இருந்தால், கண்ணால் பார்க்காமல் தடவினால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். வலப்பக்கம் கட்டவே, இடப்பக்கம் ரிசர்வ். சில பள்ளிகளில் ஒரே கைப்பிடி கட்டவேயையும் ரிசர்வையும் சேர்த்துச் செய்யும். நீங்கள் அப்படிப் பழகியவர் என்றால் இந்தப் பயிற்சியை இரட்டிப்பாக்குங்கள், ஏனென்றால் முன்பு ஒரே இழுப்பில் முடிந்த வேலைக்கு இனி இரண்டு இழுப்பு.

புது வெல்க்ரோ கெட்டியாகப் பிடிக்கும். நேராக இழுத்தால் வராது. முதலில் உரித்து, பிறகு கீழ்நோக்கிக் கை முழுவதும் நீளும்வரை தள்ள வேண்டும். கட்டவே கேபிள் பாதி வந்து நின்றால் ஒரு பக்க ரைசர் (கேனபியின் லைன்களை ஹார்னஸோடு இணைக்கும் பட்டை) மட்டும் விடுபட்டு, மறுபக்கம் மாட்டிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் ரிசர்வ் திறந்தால் இரண்டும் பின்னிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதனால்தான் பார், பிடி, அடுத்ததைப் பார், பிடி, முதலாவதை உரித்து முழுதாக இழு, பிறகு இரண்டாவது என்ற வரிசையை வாயால் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்கிறோம். தினமும் இருபது தடவை, நிஜமாக இழுக்காமல் கையை வைத்துச் செய்தால் போதும்.

பயிற்சிக்கு ஜம்ப்சூட், கையுறை, ஹெல்மெட் எல்லாம் போட்டு, கால் பட்டைகளை விமானத்தில் இறுக்குவது போலவே இறுக்குங்கள். தளர்வாக மாட்டிக்கொண்டு செய்தால் கைப்பிடிகள் தவறான உயரத்தில் இருக்கும். பயிற்சி அறையில் ஹார்னஸை (உடலில் மாட்டும் பட்டைத் தொகுதி) தொங்கவிட்டு அதில் ஏற முடிந்தால் இன்னும் நல்லது. கேனபிக்குக் கீழே எடை முழுவதும் பட்டையில் இறங்கும்போது ஹார்னஸ் மேலேறும். கூடவே கைப்பிடிகளும் ஏறும்.

முதுகுக்குக் கீழே இருக்கும் பைலட் ஷூட் பைக்கும் இதே கதைதான். பைலட் ஷூட் என்பது கையால் வீசும் சிறு பாராசூட், அதுதான் மெயினை வெளியே இழுக்கும். புது எலாஸ்டிக் துணி இறுக்கமாக இருக்கும். ஷூட்டைக் கோணல்மாணலாகத் திணித்தால் நடுவில் புடைத்து நிற்கும், கைப்பிடி உள்ளே அமுங்கிவிடும். சீராக மடித்து, கைப்பிடி மட்டும் வெளியே தெரியும்படி வையுங்கள். மடித்த ரிக்கை முதுகில் மாட்டி, நண்பர் பார்த்திருக்க, உண்மையாகவே எடுத்து வீசுங்கள். ஷூட்டை மெயினோடு இணைக்கும் பட்டை எந்த வழியாகப் போகிறது, மெயினைப் பூட்டிய பின் எப்படி வருகிறது என்று அவர் பார்க்கட்டும். வானத்தில் கைக்கு அகப்படவில்லை என்றால் இரண்டு முயற்சி, அதற்கு மேல் தேடாமல் ரிசர்வ்.

இனி மடிப்பது. எல்லோரும் திணறுவது இங்கேதான். புது ஜீரோ போரோசிட்டி (காற்று ஊடுருவாத) துணி எண்ணெய் பூசியது போல வழுக்கும். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் பிதுங்கும். காற்றை அவசரப்பட்டு வெளியேற்ற முடியாது. தையல் ஓட்டைகள் வழியாக மெல்லத்தான் போகும். கேனபியின் மேல் உடம்பைச் சாய்த்துப் படுத்து அரை நிமிடம் பொறுங்கள், பிறகு முழங்காலால் அகலத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டே பைக்குள் தள்ளுங்கள். ஜம்ப் நாளுக்கு முன்பே வீட்டுக் கூடத்தில் எட்டுப் பத்துத் தடவை மடித்துவிடுங்கள். ஐம்பது அறுபது ஜம்ப்பில் துணி தானாகவே பணிந்துவிடும்.

அந்தப் பணிவால்தான் க்ளோசிங் லூப்பைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. மெயின் கன்டெய்னரை மூடிவைத்திருப்பது ஒரு மெல்லிய கயிற்று வளையமும் ஒரு வளைந்த பின்னும்தான். புதுக் கேனபிக்கு ஏற்ற நீளத்தில் லூப் முடிச்சுப் போட்டிருப்பார்கள். துணி அடங்க அடங்க உள்ளே பருமன் குறையும். நேற்று இறுக்கமாக இருந்த அதே லூப் இன்று தொளதொளக்கும். தளர்ந்த லூப்பில் பின் எளிதில் நழுவும். விமானக் கதவுச் சட்டத்தில் முதுகு உரசினாலே போதும். கதவருகே கன்டெய்னர் திறந்தால் விமானத்தின் வால்பகுதியே ஆபத்தில். ஃப்ரீஃபாலில் (கேனபி விரியும் முன் விழும்போது) திறந்தால், பைலட் ஷூட் இன்னும் பையிலேயே இருக்க, கேனபிப் பை மட்டும் வெளியே வந்து குதிரை லாடம் போலச் சிக்கிக்கொள்ளும். மூடியபின் பின்னை விரலால் தள்ளிப் பாருங்கள். சுலபமாக வழுக்கினால் லூப் நீளம், முடிச்சைச் சற்று மேலேற்றுங்கள். நூல் பிசிர் தெரிந்தால் மாற்றிவிடுங்கள், ஒரு லூப்பின் விலை ஒன்றுமே இல்லை. மூடியதும், லூப்பை இழுக்கப் பயன்படுத்திய இழுகயிற்றை வெடுக்கென்று உருவாதீர்கள், உரசும் சூட்டில் லூப் வெந்துபோகும். பின்னுக்கு அடியில் மெல்ல எடுங்கள்.

பைலட் ஷூட்டை மடிக்கும் முன் அதன் உள் கயிற்றை இழுத்து விறைக்க வைப்பதை மறந்தால், வீசிய பிறகு அது காற்றைப் பிடிக்காமல் கந்தல் போல இழுபடும். அதன் பட்டையில் ஒரு சிறு ஜன்னல் இருக்கும். அதில் நிறம் தெரிந்தால் சரி.

ஏஏடியைப் பள்ளியில் யாரோ இயக்கிவைத்திருப்பார்கள், இனி அது உங்கள் வேலை. டிராப்சோன் (குதித்து இறங்கும் மைதானம்) தரையில்தான் இயக்க வேண்டும், வீட்டிலோ வழியிலோ அல்ல, ஏனென்றால் அந்த இடத்தின் காற்றழுத்தத்தைத்தான் அது தரை என்று எடுத்துக்கொள்ளும். சைப்ரெஸ் எக்ஸ்பர்ட் என்ற ஏஏடி வினாடிக்கு 35 மீட்டர் வேகத்துக்கு மேல், சுமார் 225 மீட்டர் உயரத்தில் வேலை செய்யும். வேறெங்கோ இறங்கி வண்டியில் திரும்பி வந்தால் அணைத்துவிட்டு மறுபடி இயக்குங்கள்.

முதல் ஜம்ப்பை 5,000 அடியில் திறக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். விமானியிடமும் உடன் குதிப்பவர்களிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். அன்று காற்று மிதமாக இருக்கட்டும், கேமரா வேண்டாம், கூட்டாகக் குதிக்கவும் வேண்டாம். திறந்ததும் பிரேக்கை விடுவிப்பதற்கு முன்பே, பின்பக்க ரைசர்களால் இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். எதிரே இன்னொருவர் வந்தால் நிஜத்தில் பயன்படப்போவது அதுதான். பிறகு டாகிள், அதாவது பிரேக் கைப்பிடிகள். பாதி பிரேக், முக்கால் பிரேக், திருப்பம், ஃப்ளேர் (தரையிறங்கும்போது வேகம் குறைக்க இரு டாகிளையும் இறக்குவது) ஐந்தாறு தடவை. கடைசியாக டாகிள்களை முழுக்க இறக்கிப் பிடித்து, எத்தனை வினாடியில் கேனபி பறக்கும் திறன் இழந்து தளர்கிறது (ஸ்டால்) என்று எண்ணுங்கள். தளர்ந்ததும் கையை மெல்ல மேலே விடுங்கள், சட்டென்று விட்டால் முன்னால் பாயும். இவை எல்லாம் 2,500 அடிக்கு மேலேயே முடிய வேண்டும். ஏ லைசென்ஸ்காரருக்கு அவசர முடிவெடுக்கும் எல்லை அது.

கையை முழுக்க மேலே விட்டு அண்ணாந்து பாருங்கள். பிரேக் லைன் காற்றில் வளைந்து தொய்ந்து நிற்க வேண்டும். விறைப்பாக இருந்து கேனபியின் பின்விளிம்பை இழுத்துக்கொண்டிருந்தால் லைன் குட்டை. ஓரளவு பிரேக்கிலேயே பறக்கிறீர்கள். தொய்வு மிக அதிகம் என்றால் கையை முழுக்க இறக்கியும் ஃப்ளேர் போதாது. இரண்டையும் ரிக்கர் சரிசெய்துவிடுவார், நீங்களே முடிச்சை மாற்ற வேண்டாம்.

தரையிறங்கும் வழியில் 1,000, 600, 300 அடி உயரத்தில் கடக்க வேண்டிய புள்ளிகளைப் பழைய இடங்களில் வைக்காதீர்கள். இந்தக் கேனபி வேகமாக ஓடும். புள்ளிகளை இன்னும் தள்ளி வைத்து, அகலமான வெளியில், கடைசித் திருப்பத்தைச் சீக்கிரமே முடித்து நேராக வாருங்கள். கால்களைச் சேர்த்து உருண்டு விழவும் தயாராக இருங்கள்.

ரைசரை ஹார்னஸோடு பூட்டும் மூன்று வளையங்களை ஒவ்வொரு ஜம்ப்புக்கு முன்பும் பாருங்கள். சிறியது நடுவளையத்துக்குள் போய்த் திரும்ப, நடுவளையம் பெரியதற்குள் போய்த் திரும்ப, கடைசியில் வெள்ளைக் கண்ணிக்குள் மஞ்சள் கேபிள். மாதம் ஒருமுறை ரைசரைக் கழற்றிப் பட்டையை நாலாப்பக்கமும் வளைத்து விறைப்பை எடுங்கள்.

பத்து ஜம்ப் ஆனதும் லூப்பை மறுபடி அளந்து பாருங்கள். அநேகமாகக் குறைக்க வேண்டியிருக்கும்.