மாங்கோடிபியில் எல்லாக் கணக்குகளுக்கும் ரீட்ரைட் ரோல் கொடுத்தால் போதுமா?

ஒரே மாங்கோடிபி தரவுத்தளத்தைச் செயலியும், மாத அறிக்கை தயாரிக்கும் ஸ்கிரிப்டும், இரண்டு டெவலப்பர்களும் பயன்படுத்துகிறார்கள் என்றும், எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் ரோலைக் கொடுக்கக் கூடாது என்பது தெரியும் என்பதால் அனைவருக்கும் ரீட்ரைட் ரோலை (ரோல் என்பது அனுமதிகளின் தொகுப்பு) கொடுத்துவிட்டால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. ரூட்டைத் தவிர்த்துவிட்டோம் என்ற நிம்மதியில் இதையே செய்து, பாதி நாள் ஆர்டர்களைப் பறிகொடுத்தவன் நான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்களுடையதும் எங்களுடையதைப் போன்ற சிறு குழு என்றே எடுத்துக்கொள்கிறேன். எங்களிடம் அப்போது ஒற்றைச் சர்வர்தான் இருந்தது. 2016 இறுதியிலும் 2017 தொடக்கத்திலும், கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்துகிடந்த பல்லாயிரம் மாங்கோடிபி சர்வர்களில் தரவை அழித்துவிட்டுப் பணம் கேட்ட தாக்குதல்களைப் பற்றிப் படித்திருந்தேன். அதனால் கான்ஃபிக் கோப்பில் கணக்குகளின் அனுமதியைச் சரிபார்க்கும் ஆத்தரைசேஷனை இயக்கி, மாங்கோடிபி வழக்கமாகப் பயன்படுத்தும் 27017 போர்ட்டை வெளியிலிருந்து அணுக முடியாதபடி மூடி, ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வைத்திருந்தேன். வெளியாட்களைத் தடுப்பதில் காட்டிய அந்த அக்கறையில் பாதியைக்கூட, உள்ளே இருக்கும் கணக்குகள் எதைச் செய்யலாம் என்பதில் காட்டவில்லை.

எங்கள் அறிக்கை ஸ்கிரிப்ட், ஆர்டர் ஆவணங்கள் அடங்கிய தொகுப்பான ஆர்டர்ஸ் கலெக்‌ஷனைப் படித்து, மாதவாரியாகக் கூட்டி, தரவைப் படிப்படியாகத் திரட்டும் அக்ரிகேஷனின் கடைசிக் கட்டமான டாலர் அவுட் ($out) மூலம் இன்னொரு கலெக்‌ஷனில் எழுதி வைக்கும். ஒரு நாள் பிற்பகலில் சக ஊழியர் ஒருவர் அந்த ஸ்கிரிப்டை ஒழுங்குபடுத்தும்போது, மூலக் கலெக்‌ஷனின் பெயரை வைத்திருந்த மாறியையே இலக்கின் இடத்திலும் எழுதிவிட்டார். டாலர் அவுட், இலக்குக் கலெக்‌ஷன் ஏற்கெனவே இருந்தால் அதன் உள்ளடக்கம் முழுவதையும் புதிய விடையால் மாற்றிவிடும். ஸ்கிரிப்ட் எந்தப் பிழையும் காட்டாமல் முடிந்தது; ஆர்டர்ஸில் மாதத்துக்கு ஒன்றாகச் சில கூட்டுத்தொகை ஆவணங்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன. தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ்களை டாலர் அவுட் அப்படியே விட்டுவிடும். ஆகவே, செயலியின் ஆர்டர் பட்டியல் காலியாகத் தெரிகிறது என்ற புகார் வந்தபோது, கலெக்‌ஷன் இருக்கிறது, இண்டெக்ஸ்களும் சரியாக இருக்கின்றன என்று பார்த்துவிட்டு, செயலியின் கோடில் குறை தேடி நல்ல நேரத்தை வீணாக்கினேன்.

முந்தைய இரவு எடுத்த பேக்கப்பிலிருந்து பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. அன்று காலை முதல் வந்த ஆர்டர்களை மட்டும், அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களையும் பணம் செலுத்திய பதிவுகளையும் ஒப்பிட்டு மூன்று நாள் உட்கார்ந்து கையால் சேர்த்தோம். அந்தச் சக ஊழியரை நான் குறை சொல்ல மாட்டேன். பெயர் மாற்றி எழுதுவது எவருக்கும் நேரும். அறிக்கைக் கணக்குக்கு ஆர்டர்ஸில் எழுதும் அதிகாரத்தைக் கொடுத்தது என் முடிவு.

ரீட்ரைட் என்ற பெயரைப் பார்த்தால் படிக்கவும் எழுதவும் மட்டுமே என்று தோன்றும். உண்மையில் அந்தத் தரவுத்தளத்தின் சிஸ்டம் அல்லாத எல்லாக் கலெக்‌ஷன்களிலும் ஆவணங்களை நீக்குவது, இண்டெக்ஸை அழிப்பது, ஏன், கலெக்‌ஷனையே டிராப் செய்வது வரை அதற்குள் அடக்கம்.

எனவே, ரோல் பட்டியலைத் திறப்பதற்கு முன், ஒவ்வொரு நிரலும் எந்தக் கலெக்‌ஷனில் என்ன செய்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் அறிக்கை ஸ்கிரிப்டுக்கு ஆர்டர்ஸில் ஃபைண்ட், அதாவது படிக்கும் அனுமதி, போதும். டாலர் அவுட் வேலை செய்ய இலக்குக் கலெக்‌ஷனில் இன்சர்ட் (சேர்த்தல்), ரிமூவ் (நீக்குதல்) இரண்டும் வேண்டும். அவ்வளவையும் கிரியேட்ரோல் கட்டளையால் ஒரு தனி ரோலாக்கி, அதை மட்டும் அந்தக் கணக்குக்குக் கொடுத்தேன். ரோலை எழுதும்போது கலெக்‌ஷன் பெயரின் இடத்தைக் காலிச் சரமாக விட்டுவிடாதீர்கள். அதற்கு அந்தத் தரவுத்தளத்தின் எல்லாக் கலெக்‌ஷன்களும் என்று பொருள். தரவுத்தளப் பெயரையும் காலியாக விட்டால் எல்லாத் தரவுத்தளங்களும் திறந்துவிடும்.

இந்தத் திருத்தத்திலும் நான் ஒருமுறை தவறினேன். புதிய ரோலைச் சேர்த்த நான் பழைய ரீட்ரைட்டை நீக்கவில்லை. மாங்கோடிபியில் ரோல்கள் ஒன்றோடொன்று கூடிக்கொண்டே போகும். ஒன்று தருவதை இன்னொன்றால் மறுக்க முடியாது. பழையதை ரிவோக் செய்து திரும்பப் பெறும் வரை என் புதிய ரோல் பெயருக்குத்தான் இருந்தது.

டெவலப்பர்கள் வாடிக்கையாளர் விவரங்களைப் பார்க்க வேண்டும், தொலைபேசி எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது என்றால், அந்தப் புலத்தை விலக்கிவிட்டு மற்றதைப் படிக்க மட்டும் காட்டும் ஒரு வியூ உருவாக்கி, வியூவின் மீது மட்டும் ஃபைண்ட் கொடுக்கலாம், 3.4 பதிப்பிலிருந்து இது சாத்தியம். கூடவே, தரவுத்தளம் முழுவதையும் படிக்கவிடும் ரீட் ரோலையும் கொடுத்தால் அடியிலுள்ள கலெக்‌ஷனும் திறந்துவிடும். பயனர்களை உருவாக்கும் யூசர்அட்மின் வகைக் கணக்கைச் செயலி தொடவே கூடாது, ஏனெனில் அது தனக்குத் தானே எந்த ரோலையும் கொடுத்துக்கொள்ள முடியும்.

நான்கு பேர் கொண்ட குழுவுக்கு இது மிகை என்று சிலர் சொல்லக்கூடும். நாலைந்து ரோல்களை எழுத எனக்கு ஒரு பிற்பகல் ஆனது. இழந்ததைச் சேர்க்க ஆனது மூன்று நாள். ஒரே தரவைப் பல சர்வர்களில் பிரதிகளாக வைக்கும் ரெப்ளிகா செட் இருந்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அந்த அழிப்பு சில நொடிகளில் எல்லாப் பிரதிகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். அதில் மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைக்கும் ஆப்லாக் இருந்திருந்தால் மீட்பது எளிதாகியிருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உண்மையில் எனக்கு வருத்தம், தொடக்கநிலையினருக்காக எழுதப்படும் வழிகாட்டிகள் மீதுதான். முதல் எடுத்துக்காட்டிலேயே ரூட் ரோலுடன் ஒரு கணக்கை உருவாக்கி, அதே கணக்கால் செயலியையும் இணைத்துக் காட்டுகிறார்கள். படிப்பவர் அதை நகலெடுக்கிறார், செயலி ஓடுகிறது, பிறகு அதை மாற்ற யாருக்கும் துணிவு வருவதில்லை. சரியான ரோலோடு காட்ட இன்னும் ஐந்து வரிகள் போதும்.

மாற்றங்களைச் செய்தபின் ஏதாவது ஓடாமல் நின்றால் பிழை எண்ணைப் பாருங்கள். 18 என்றால் உள்நுழைவே தோற்றிருக்கிறது; பெரும்பாலும் பயனரை எந்தத் தரவுத்தளத்தில் உருவாக்கினீர்களோ அதை இணைப்பு முகவரியின் ஆத்சோர்ஸ் விருப்பத்தில் குறிப்பிடத் தவறியிருப்பீர்கள். 13 என்றால் உள்நுழைந்தாயிற்று, அந்தச் செயலுக்கு அனுமதி இல்லை. எந்தக் கட்டளை என்று செய்தியிலேயே இருக்கும், அதற்கு வேண்டிய அனுமதியை மட்டும் ரோலில் சேருங்கள். கனெக்‌ஷன்ஸ்டேட்டஸ் கட்டளையை ஷோபிரிவிலேஜஸ் விருப்பத்துடன் ஓட்டினால், அந்தக் கணக்குக்கு இப்போது இருக்கும் அனுமதிகள் எல்லாம் வந்துவிடும். அந்த வெளியீட்டைக் கேள்வியில் சேர்த்தால் பார்த்துச் சொல்கிறேன். இணைப்பு முகவரியையும் ஒட்டுவதானால் கடவுச்சொல்லை நீக்கிவிடுங்கள்.