பழைய ஃபைபர் படகு வாங்கப் போறீங்களா? பெயிண்டைப் பாக்காதீங்க, அடியைப் பாருங்க

கேள்வி: அண்ணே வணக்கம். எனக்கு 31 வயசு. சின்ன வயசுலேருந்து அடுத்தவங்க படகுல பங்குக்குத்தான் கடலுக்குப் போறேன். இப்ப கையில ஒன்றரை லட்சம் சேர்ந்திருக்கு, சொந்தமா ஒரு படகு வாங்கணும். பக்கத்து ஊர்ல 28 அடி ஃபைபர் படகு, லம்பார்டினி டீசல் இன்ஜின், கவலை மீன் பிடிக்கிற வலையும் சேத்து ஒரு லட்சத்து நாப்பதாயிரம் சொல்றாங்க. புதுசா பெயிண்ட் அடிச்சு பளிச்சுன்னு இருக்கு. வீட்ல என்னடான்னா, நகையை வச்சு இன்னும் பெரிய படகா பாக்கலாம்ங்குறாங்க. என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: தம்பி, கடலைப் பத்தியும் மீனைப் பத்தியும் உங்களுக்கு நான் சொல்லித்தர ஒண்ணும் இல்ல, ஆனா படகுல போறது வேற, படகை விலை பேசி வாங்குறது வேற, அதனால கொஞ்சம் விலாவாரியாவே எழுதுறேன். முதல்ல ஒரே ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்குங்க: இன்ஜின் கெட்டுப்போனா மெக்கானிக் இருக்காரு, படகு தண்ணி குடிச்சுப்போச்சுன்னா அதுக்கு வைத்தியமே இல்ல. வாங்குற எல்லாரும் இன்ஜினைத்தான் சுத்திச் சுத்தி வந்து பாப்பாங்க, விக்கிறவருக்கும் அது நல்லாவே தெரியும்.

புதுப் பெயிண்ட்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்கு முதல் சந்தேகம். விக்கிறதுக்கு முன்னாடி பெயிண்ட் அடிக்கிறது ஊர்ல எல்லாரும் பண்றதுதான், அதுக்காக ஏமாத்துறாங்கன்னு சொல்லல, ஆனா அந்தப் பெயிண்டுக்கு அடியில ஒட்டு போட்ட இடம், விரிசல், கொப்புளம் எல்லாம் மறைஞ்சு போயிடும். படகு எந்த வருஷம் கட்டினதுன்னு கேளுங்க. சுனாமிக்கு அப்புறம் 2005, 2006ல நம்ம கரை முழுக்க ஏகப்பட்ட ஃபைபர் படகு அவசர அவசரமா கட்டிக் கொடுத்தாங்க, அதுல நல்லதும் உண்டு, மேட்டும் ரெசினும், அதாவது கண்ணாடி நார் விரிப்பும் அதை இறுக்குற பிசினும் குறைச்சு மெல்லிசா ஊத்தினதும் உண்டு. அது அந்தக் காலத்துப் படகா, 2011 டிசம்பர்ல ‘தானே’ புயல் அடிச்சப்ப கரையில உருண்டு அடிபட்டு ஒட்டுப் போட்டதான்னு அந்த ஊர்லயே நாலு பேர்கிட்ட விசாரிங்க, விக்கிறவர்கிட்ட மட்டும் கேக்காதீங்க.

அடுத்தது தட்டிப் பாக்குறது. ஸ்க்ரூ டிரைவர் பிடியால முன்பக்க அணியத்துலேருந்து பின்பக்கம் வரைக்கும் சாண் சாணா தட்டிக்கிட்டே வாங்க. நல்ல ஃபைபர்னா கெட்டியா ஒரே மாதிரி சத்தம் வரும், எங்க தொம்முனு மந்தமா கேக்குதோ அங்க உள்ள மேட்டு அடுக்கு பிரிஞ்சிருக்கு இல்லன்னா தண்ணி இறங்கியிருக்கு. சாக்பீஸால வட்டம் போட்டுக்கிட்டே போங்க, கடைசியில எத்தனை வட்டம்னு பாத்தாலே படகோட கதை தெரிஞ்சிடும். நம்ம பக்கம் மணல்ல இழுத்துத்தான் கரை ஏத்துறோம், அதுலயும் டிராக்டர் வச்சு இழுக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அடி ரொம்ப சீக்கிரமா தேயுது, அதனால படகை ஒருக்களிச்சு வச்சு அடியைக் கையால தடவிப் பாக்காம பணத்தை எடுக்கவே எடுக்காதீங்க. மேட்டோட நார் வெளிய தெரிஞ்சா அங்க பூச்சு முழுசா தேஞ்சாச்சுன்னு அர்த்தம். கொப்புளம் இருந்தா விக்கிறவர்கிட்ட சொல்லிட்டு ஒண்ணைக் குத்திப் பாருங்க, உள்ளேருந்து வர்ற தண்ணி வினிகர் மாதிரி புளிச்ச வாசனை அடிச்சா உப்புத்தண்ணி ரெசினுக்குள்ள போய் ரொம்ப நாளாச்சு. அந்தப் படகு வேண்டாம்.

இன்னொண்ணு, இதை நிறைய பேர் பாக்குறதே இல்ல. படகு மிதக்குறதுக்காக உள்ள தெர்மோகோலோ ஃபோமோ அடைச்சு மூடியிருப்பாங்க இல்லையா, அந்த மூடின இடத்துல எங்கயாவது விரிசல் விழுந்தா தண்ணி உள்ள போய் அங்கயே தங்கிடும், வெளியில எடுக்கவே முடியாது, படகு கனத்துப்போயி வருஷம் பூரா டீசலைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். இதைக் கண்டுபிடிக்கிறது சுலபம்தான், அந்தப் படகைத் தள்ளுற ஆளுங்ககிட்டயே கேளுங்க, இதே நீளத்துல இருக்குற வேற படகைத் தள்ள எத்தனை பேர் வேணும், இதுக்கு எத்தனை பேர் வேணும்னு. அவங்க மறைக்க மாட்டாங்க. கடல்ல இறக்கினதும் சும்மா நிக்கும்போது ஒரு பக்கமா சாயுதான்னும் பாருங்க. முடிஞ்சா கரையில இருக்கும்போதே படகுக்குள்ள ஒரு சாண் உயரத்துக்கு நல்ல தண்ணி ஊத்தி ஒரு மணி நேரம் விடுங்க, ஓட்டை இருந்தா வெளியில ஈரம் காட்டிக் கொடுத்துடும். அதுக்கு மேல ஊத்தாதீங்க, அந்தப் பாரத்துக்கே படகு கீறிடும்.

இன்ஜின் உக்காந்திருக்குற இடத்தை மட்டும் தனியா பாருங்க. லம்பார்டினி ஒத்தை சிலிண்டர், அதோட அதிர்வு பூரா அந்த போல்ட் ஓட்டை வழியாத்தான் படகுக்குள்ள இறங்குது, உள்ள வச்ச கட்டை மக்கியிருந்தா ஆணியால குத்தினாலே புதையும்.

இனி இன்ஜின். காலையில சொல்லாம போங்க, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இன்ஜின் மேல கையை வைங்க, சூடா இருந்தா நீங்க வர்றதுக்கு முன்னாலயே ஓட்டி வச்சிருக்காங்க. குளுந்த இன்ஜின் எத்தனை சுத்துல பத்துதுங்கிறதுதான் நிஜமான பரிச்சை. நீலப் புகை தொடர்ந்து வந்துக்கிட்டே இருந்தா ஆயில் எரியுது, ரிங் தேஞ்சிருக்கும். கரும்புகைன்னா இன்ஜெக்டரா இருக்கலாம், அது பெரிய செலவில்ல. ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்க, பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தா தண்ணி சேர்ந்திருக்கு, உடனே விலையைக் குறைச்சுப் பேசுங்க. புரொப்பல்லர் மாட்டியிருக்குற நீளத் தண்டைக் கையால சுத்தி நுனி வட்டமடிக்குதான்னு பாத்துட்டு, ஒரு முழு ட்ரிப் அலை தாண்டி வலையோட போய்ட்டு வாங்க. திரும்பி வந்தப்ப படகுக்குள்ள எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு பாக்கணும்.

கவலை வலை சேத்துத் தர்றாங்கன்னு விலையை ஏத்த விடாதீங்க. வெயில்ல காஞ்ச நைலான் கண்ணை ரெண்டு விரலால இழுத்தாலே பட்டுனு அறும், அதை வலைன்னு கணக்குல சேக்கக்கூடாது.

காகிதத்துக்கு வருவோம், இதுல மட்டும் தயவுசெஞ்சு முகதாட்சண்யம் பாக்காதீங்க. பதிவுப் புத்தகத்துல இருக்குற பேரும் விக்கிறவர் பேரும் ஒண்ணா, பதிவு எண் படகுல எழுதியிருக்குறதோட பொருந்துதா, அதுல இந்த மாதிரி இன்ஜின் வச்ச நாட்டுப்படகுக்குப் போடுற ‘எம்.ஓ.’ங்கிற எழுத்து இருக்கா, இன்ஜின் நம்பர் பில்லுல இருக்குறதுதானா, இவ்வளவும் பாத்தாகணும். பேர் மாத்தறதுக்கு மீன்வளத்துறை உதவி இயக்குநர் ஆபீஸ்ல ரெண்டு பேரும் சேர்ந்து போய் விண்ணப்பம் கொடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்னு கையெழுத்து வாங்காம படகை ஓட்டிக்கிட்டு வந்துடாதீங்க. நாட்டுப்படகுக்கு வருஷத்துக்கு 4,400 லிட்டர் விற்பனை வரி இல்லாத டீசல் கிடைக்குதே, அது பதிவு யார் பேர்ல இருக்கோ அவருக்குத்தான். புயல்ல படகு சேதமானா நிவாரணமும் அப்படித்தான். காசு கொடுத்தது நீங்க, செக் வர்றது பழைய ஓனருக்குன்னு ஆன வீடுகள் நம்ம கரையில இருக்கு, அதுக்கப்புறம் பஞ்சாயத்துல உக்காந்து என்ன பேசி என்ன பிரயோஜனம்.

அந்தப் படகு மேல எந்த வியாபாரியோட முன்பணமாவது நிக்குதான்னும் கேட்டுடுங்க. நிக்குதுன்னா அது படகோட சேர்ந்து உங்க தலையிலதான் வந்து விழும், நீங்க பிடிக்கிற மீனை அவர் சொல்ற விலைக்கே கொடுக்கணும்னு நிப்பாங்க. ஊர் நாட்டார், அதாவது பஞ்சாயத்துப் பெரியவங்க முன்னாடி, கடன் எதுவும் இல்லன்னு விக்கிறவர் வாயாலயே சொல்ல வச்சு எழுதி வாங்கிக்கிட்டு, அப்புறமா பணத்தை எண்ணுங்க.

விலைன்னு கேட்டா, உங்க ஒன்றரை லட்சத்துல படகுக்கு ஒரு லட்சத்து பத்தாயிரத்துக்கு மேல போகாதீங்கன்னுதான் நான் சொல்வேன். மிச்ச நாப்பதாயிரம் கையில நிக்கணும், ஏன்னா வாங்கின முதல் மாசமே ரெசின் வேலை, இன்ஜின் சர்வீஸ், வலை ஒட்டு வேலைன்னு ஒவ்வொண்ணா வரும், அதோட ஏறுற ஆள் அத்தனை பேருக்கும் லைஃப் ஜாக்கெட் வாங்குறதும் இந்தக் கணக்குலயே சேரணும், அதை மட்டும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளாதீங்க. கோஸ்ட் கார்டு நம்பர் 1554ஐ எல்லார் போன்லயும் ஏத்தி வைங்க. விக்கிறவர் ஒரு லட்சத்து நாப்பதாயிரத்துல பிடிவாதமா நின்னா விட்டுடுங்க, வேற படகு வரும். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் பெரிய விசைப்படகுக்குத் தடை, உங்க மாதிரி நாட்டுப்படகுக்கு இல்ல, அந்த நேரத்துல நாட்டுப்படகு மீனுக்கு நல்ல விலை கிடைக்கும், அதனால மார்ச்சுல எல்லாருமே படகு தேடுவாங்க, விலையும் ஏறும். மழைக்காலத்துல கடல் கெட்டுக் கெடக்குறப்பவே போய்ப் பாத்துப் பேசி வைங்க.

வீட்ல சொன்ன நகை விஷயம். அவங்க ஆசையில சொல்றாங்க, அது புரியுது, ஆனா பெரிய படகுன்னா டீசலும் கூட, ஆளும் கூட, ரெண்டு வாரம் சேர்ந்தாப்புல மீன் படாம போனா வட்டி மட்டும் நிக்காம ஓடும். 28 அடி உங்களுக்கு இப்ப தாராளமா போதும். டீசலுக்கும் ஐஸுக்கும் கைமாத்து வேணும்னா வியாபாரிகிட்ட போகாம பேங்க்ல கிசான் கிரெடிட் கார்டு கேளுங்க, 2018-19லேருந்து அது மீனவங்களுக்கும் உண்டு. நகை வீட்டுலயே இருக்கட்டும் தம்பி, படகைப் பாக்கப் போறப்ப அவங்களையும் கூட்டிக்கிட்டுப் போங்க, நீங்க அடியைத் தட்டிப் பாத்துக்கிட்டு இருக்குற நேரத்துல அந்த ஊர்ப் பொம்பளைங்ககிட்ட அவங்க விசாரிக்கட்டும், அந்தப் படகு கடைசியா எப்ப கடலுக்குப் போச்சு, எதுக்கு விக்கிறாங்கன்னு.