ஈசிஜி நார்மல், ஆனால் நெஞ்சு அடைக்கிறது: யாரிடம் போவது, என்ன சிகிச்சை?

கேள்வி: எனக்கு வயது 36. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. நான்கு மாதங்களுக்கு முன் பஸ்ஸில் போகும்போது திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துப்போய், உயிரே போய்விடும் போல் இருந்தது. அவசர சிகிச்சைப் பிரிவில் ஈசிஜி எடுத்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார்கள். பிறகு இரண்டு முறை அதேபோல் ஓடினேன். எக்கோ, டிரெட்மில், தைராய்டு எல்லாம் நார்மல். 'டென்ஷன்தான்' என்று அல்பிரசோலம் 0.25 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாதமாகத் தினமும் இரவில் போடுகிறேன். இப்போது பஸ்ஸில் ஏறுவதே இல்லை. மனைவி துணைக்கு வராமல் வெளியே போவதும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் இது ஏன் வருகிறது? மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டுமா? மாத்திரை ஆரம்பித்தால் ஆயுள் முழுக்கவா?

பதில்: 'ஒன்றும் இல்லை' என்றது இதயத்தைப் பொறுத்தவரை சரி. அத்தோடு அனுப்பிவிட்டதுதான் குறை. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பீதி நோய்க்கு, அதாவது மருத்துவர்கள் சீட்டில் பேனிக் டிஸார்டர் என்று எழுதும் நோய்க்கு, நன்றாகப் பொருந்துகின்றன. நேரில் பார்க்கும் மருத்துவர்தான் அதை உறுதி செய்ய முடியும். நன்றாகக் குணமாகக்கூடிய மனநோய்களில் இது ஒன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

திடீரென்று கிளம்பி, சில நிமிடங்களிலேயே உச்சத்துக்குப் போகும் கடும் பயம்தான் பீதித் தாக்குதல். படபடப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சுமுட்டல், நெஞ்சுவலி, குமட்டல், தலைசுற்றல், மரத்துப்போதல், செத்துவிடுவோம் என்ற பயம் என 13 அறிகுறிகளை மருத்துவக் கையேடு பட்டியலிடுகிறது. அவற்றில் குறைந்தது நான்கு சேர்ந்து வர வேண்டும். வாழ்க்கையில் ஒருமுறை தாக்குதல் வந்து போவது பலருக்கும் நடப்பதுதான், அது நோயாகாது. காரணமே இல்லாமல் திரும்பத் திரும்ப வந்து, 'அடுத்தது எப்போது வருமோ' என்ற கவலை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, அதற்குப் பயந்து நடவடிக்கைகளை மாற்றிக்கொண்டாலோதான் அது பீதி நோய். நீங்கள் பஸ்ஸை விட்டுவிட்டீர்கள். தனியாகப் போவதையும் விட்டுவிட்டீர்கள். அரை மணி நேரத்தில் அடங்கிவிடும் தாக்குதலைவிட, மீதி இருபத்து மூன்றரை மணி நேரமும் அதற்காகக் காத்திருக்கும் பயம்தான் உங்களை முடக்கியிருக்கிறது. சிகிச்சையும் முக்கியமாக அந்தப் பயத்தைத்தான் குறிவைக்கிறது.

உடம்பில் நடப்பது கற்பனை கிடையாது. இருட்டில் கயிற்றை மிதித்துப் பாம்பென்று துள்ளுகிறவருக்குப் பாம்புதான் பொய். துள்ளலும் படபடப்பும் மெய். அட்ரினலின் பாய்ந்ததும் இதயம் வேகமெடுக்கிறது, மூச்சும் வேகமாகிறது. தேவைக்கு மேல் மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கி, தலை கிறுகிறுக்கிறது, சுற்றியிருப்பது எல்லாம் நிஜமில்லாததுபோல் தெரிகிறது. ரத்தத்தில் உள்ள கால்சியத்தின் ஒரு பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகின்றன. சிலருக்குக் கை கோணிக்கொள்ளும். மூச்சு போதவில்லை என்று தோன்றும் அதே நேரத்தில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98, 99 காட்டுவது, இப்படித் தேவைக்கு மேல் மூச்சு விடுவதால்தான். 'மயங்கி விழுந்துவிடுவேன்' என்பது இன்னொரு பயம். பொதுவாக மயக்கம் வர ரத்த அழுத்தம் சட்டென்று இறங்க வேண்டும். பீதியில் அது ஏறத்தான் செய்கிறது. ஆகவே பீதித் தாக்குதலில் மயங்கி விழுவது அரிது.

இந்தச் சுழற்சியை 1986-ல் டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் தெளிவாக விளக்கினார். சாதாரணமான ஒரு படபடப்பை மாரடைப்பு என்று மனம் படிக்கிறது; அந்தப் படிப்பே பயத்தைக் கூட்டுகிறது; பயம் படபடப்பைக் கூட்டுகிறது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஈசிஜி எடுத்து நிம்மதியாகிறோம். 'தக்க சமயத்தில் வந்ததால் பிழைத்தேன்' என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. வராமல் இருந்திருந்தாலும் அது தானாகவே அடங்கியிருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை. பையில் தண்ணீர் பாட்டில், சட்டைப் பையில் மாத்திரை, கதவோர சீட், அடிக்கடி நாடி பார்ப்பது, கூடவே மனைவி: இவையெல்லாம் அதே வேலையைத்தான் செய்கின்றன.

அப்படியானால் இனி எந்த நெஞ்சுவலிக்கும் போக வேண்டாமா? போக வேண்டியவை உண்டு. நடக்கும்போது அல்லது மாடிப்படி ஏறும்போது வந்து, நின்றால் குறையும் வலி; இடது கைக்கோ தாடைக்கோ பரவும் அழுத்தம்; நினைவிழப்பு; இதுவரை வந்ததிலிருந்து மாறுபட்ட, அடங்காத வலி. இவற்றில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். முதல் தடவை வந்த நெஞ்சுவலியை 'பதற்றம்' என்றோ 'கேஸ்' என்றோ வீட்டிலேயே யாரும் முடிவு செய்யக் கூடாது. உங்களுக்கு இந்தப் பரிசோதனைகள் முடிந்துவிட்டன. ஹீமோகுளோபின், ரத்தச் சர்க்கரை, கால்சியம் பார்க்காமல் இருந்தால் ஒருமுறை பார்த்துவிடலாம். அதற்கு மேல் ஆறுதலுக்காக மறுபடியும் எக்கோ எடுக்காதீர்கள். மருத்துவரே கேட்டால் மட்டும் எடுங்கள்.

மனநல மருத்துவரைக் கட்டாயம் பாருங்கள். எம்.டி. சைக்கியாட்ரி அல்லது டி.பி.எம். படித்தவர் மருந்து எழுத முடியும். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். பேச்சு வழிச் சிகிச்சை தருவார். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவெண்ணைத் தயங்காமல் கேட்கலாம். 'கவுன்சிலர்' என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளும் நிலை இருப்பதால் இந்த ஒரு கேள்வி முக்கியம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் புறநோயாளர் பிரிவு இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்களும் தங்கள் மாவட்டத்து அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தைக் கேட்கலாம். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416, மத்திய அரசின் டெலி மானஸ் எண், இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். ஆபீசுக்குத் தெரிந்துவிடுமோ என்ற தயக்கம் இருந்தால்: 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது.

முதல் நாள் போகும்போது பரிசோதனை ஃபைலோடு ஒரு தாளும் கொண்டு போங்கள். ஒவ்வொரு தாக்குதலும் எந்தத் தேதி, எந்த இடம், முதலில் என்ன உணர்ந்தீர்கள், அந்த நொடியில் மனதில் ஓடியது என்ன, எத்தனை நிமிடம் இருந்தது, பிறகு என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். சாப்பிடும் எல்லா மருந்துகளையும் எழுதுங்கள், நாட்டு மருந்து உட்பட. ஆஸ்துமா இன்ஹேலர், சளி மாத்திரை, அளவு கூடிய தைராய்டு மாத்திரை ஆகியவை படபடப்பைக் கிளப்பும். காபி எத்தனை டம்ளர், மது எவ்வளவு என்பதை உள்ளபடியே சொல்லுங்கள். குடித்த மறுநாள் காலையில்தான் பலருக்குத் தாக்குதல் வருகிறது. முன்பு எப்போதாவது சில நாட்கள் தூக்கமே தேவைப்படாமல் அளவு மீறிய உற்சாகத்தில் இருந்திருந்தால் அதையும், உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தைத் தேர்ந்தெடுப்பதே இவற்றை வைத்து மாறும்.

இனி மருந்து. பெரும்பாலும் எஸ்சிட்டலோபிராம் அல்லது செர்ட்ராலின் எழுதுவார்கள். எஸ்சிட்டலோபிராம் 5 மில்லிகிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் 10 ஆக்குவதும், செர்ட்ராலின் 25-ல் தொடங்கி 50 ஆக்குவதும் வழக்கம். பலரும் சிகிச்சையைக் கைவிடும் இடம் முதல் வாரம்தான். குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, அதோடு படபடப்பே சற்றுக் கூடுவது, எல்லாம் அந்த நாட்களில் வரும். பீதி நோயாளி தன் உடம்பை உற்றுக் கவனிப்பவர். இந்தச் சின்னப் படபடப்பையும் தாக்குதலாக எண்ணி நான்காம் நாளே நிறுத்திவிடுவார். குறைந்த அளவில் தொடங்குவது அதற்காகத்தான். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். ஒன்றிரண்டு வாரத்தில் இவை பெரும்பாலும் அடங்கிவிடும். பலன் தெரியத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம், முழுப் பலனுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். பாலுறவில் விருப்பம் குறைவதும் தாமதமும் சிலருக்கு வரும்; சொன்னால் மருத்துவர் அளவையோ மருந்தையோ மாற்றுவார், வெட்கப்பட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் தோன்றுகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும்.

ஆயுள் முழுக்க வேண்டியதில்லை. நன்றாக ஆனபிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தொடர்ந்து, பின் மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். இந்த மருந்துகள் ஏக்கத்தையும் போதையையும் உண்டாக்குவதில்லை. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு, கிறுகிறுப்பு, எரிச்சல் வரும். ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்துவிட்டுப் போகிறவர்களுக்கு இதுதான் நடக்கிறது. நோய் திரும்பிவிட்டது என்று தவறாகப் பயந்துவிடுகிறார்கள்.

அல்பிரசோலத்தின் கதை வேறு. அரை மணி நேரத்திலேயே அமைதி தருவதால் நல்ல மருந்துபோல் தோன்றும். தினமும் போட்டால் சில வாரங்களிலேயே உடம்பு பழகிவிடுகிறது. அதன் பலன் இறங்கும் நேரத்தில் பதற்றம் ஏறுகிறது. அதை நோய் என்று நினைத்து இன்னொரு மாத்திரை. இரண்டு மாதம் போட்டுவிட்ட நீங்கள் இன்றே நிறுத்தவும் கூடாது. திடீர் நிறுத்தம் தூக்கமின்மையையும் கடும் பதற்றத்தையும், அதிக அளவில் போடுகிறவர்களுக்கு வலிப்பையும் கொண்டுவரலாம். புதிய மருந்து பிடித்தபின் சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் அட்டவணையை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். அதுவரை மதுவோடு சேர்க்கவே கூடாது. பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டே இருப்பதையும் விட்டுவிடுங்கள்.

மருந்துக்கு இணையான பலன் சிபிடி என்ற அறிதல்-நடத்தைச் சிகிச்சைக்கு உண்டு. நிறுத்திய பிறகும் பலன் நீடிப்பதால், வசதி இருந்தால் இதைக் கேட்டு வாங்குங்கள் என்போம். வாரம் ஒரு அமர்வு வீதம் மொத்தம் ஏழு முதல் பதினான்கு மணி நேரம் போதும். இதில் பயந்த உணர்வையே வேண்டுமென்று வரவழைப்பார்கள்: ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடுவது, நாற்காலியில் சுற்றுவது, நின்ற இடத்தில் ஓடுவது. படபடப்பு வரும், தானாகப் போகும். அதை உடம்பே கற்கிறது. (கர்ப்பிணிகள், வலிப்பு, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.) நான்கைந்து அமர்வு ஆகியும் 'தைரியமாக இருங்கள், நல்லதையே நினையுங்கள்' என்ற அறிவுரை மட்டும் கிடைத்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

பஸ்ஸுக்குத் திரும்புவதும் இப்படித்தான். முதல் வாரம் காந்திபுரம் நிலையத்தில் இருபது நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். பிறகு கூட்டமில்லாத நேரத்தில் இரண்டு நிறுத்தம், பிறகு சிங்காநல்லூர் வரை, கடைசியாகக் காலை நெரிசலில். ஒவ்வொரு படியையும் வாரத்தில் நான்கைந்து தடவை செய்யுங்கள். ஏறும்முன் 'என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்' என்று எழுதுங்கள். இறங்கியபின் நடந்ததை எழுதுங்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கிவிட்டால் அன்றைய பயிற்சி எதிர்ப்பாடம் ஆகிவிடும். அது தணியத் தொடங்கும்வரை உட்கார்ந்திருங்கள். மூக்கு வழியாக 4 விநாடி இழுத்து 6 விநாடி விடும் மூச்சுப் பயிற்சியைத் தினமும் பத்து நிமிடம், அமைதியான நேரத்தில் செய்யலாம். காகிதப் பையில் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம். நிஜமான இதய, நுரையீரல் கோளாறு இருந்தால் ஆபத்து.

உங்கள் மனைவியையும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். துணைக்கு வருவதை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறத் தொடங்கியபின் முதல் வாரம் அடுத்த சீட்டில், இரண்டாம் வாரம் பஸ்ஸின் பின்பக்கம், மூன்றாம் வாரம் இறங்கும் நிறுத்தத்தில் காத்திருப்பது, அதன்பின் வீட்டில். தாக்குதல் வரும்போது 'என்ன ஆச்சு, ஆஸ்பத்திரி போலாமா' என்று பதறாமல், 'இது முன்னமே வந்ததுதான், உட்கார்ந்திருங்க' என்று மட்டும் சொல்லி, நிமிடத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பை அடுத்த அமர்வில் மருத்துவரிடம் கொடுங்கள்.