"தசை ஏன் களைக்கிறது என்று படிக்கப் போகிறானாம்"

வெள்ளவத்தையில் இருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகன் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. இரண்டாம் தரமும் மருத்துவத்துக்கு இசட் புள்ளி காணாது. பாடசாலையில் 400 மீற்றர் ஓடினவன். இப்போது, தசை ஏன் களைக்கிறது என்று படிக்கப் போகிறேன், எல்லாம் கல்சியத்தில்தான் இருக்கிறது என்கிறான். மூன்றாம் தரம் எழுதச் சொன்னால் முகத்தைத் திருப்புகிறான். நான் கல்சியம் குளிசை ஒழுங்காகக் கொடுக்காததால்தான் களைத்தானோ என்றும் யோசனை. இது ஒரு படிப்பா? இதை வைத்துப் பிழைக்கலாமா?"

அம்மா, முதலில் குளிசையை முடித்துவிடுவோம். இரத்தத்தில் கல்சியத்தின் அளவை உடல் மிக இறுக்கமாக வைத்திருக்கும். குறைந்தால் எலும்பில் இருந்து எடுத்தாவது சரிக்கட்டும். வைத்தியர் வேறு காரணத்துக்கு எழுதித் தந்தால் ஒழிய, ஓடிக் களைத்த பிள்ளைக்குக் குளிசை வாங்கித் தரத் தேவையில்லை. மகன் சொல்வது சாப்பாட்டில் வருகிற கல்சியத்தை அல்ல. தசைக் கலத்துக்குள் கணத்துக்குக் கணம் ஏறி இறங்குகிற கல்சியத்தை.

உங்கள் குடும்பம் வன்னிப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் குளத்தை வைத்தே சொல்கிறேன். தசைக் கலத்துக்குள்ளே ஒரு சிறுவலை இருக்கிறது, கல்சியம் தேங்கி நிற்கிற குளம் அது. நரம்பில் இருந்து கட்டளை வந்ததும் அதன் துருசு திறக்கும். அந்தத் துருசுக்குப் பெயர் ரையனோடின் வாங்கி, அதுவும் ஒரு புரதம். பாய்ந்து வந்த கல்சியம் ட்ரோபோனின் என்ற புரதத்தில் போய் ஒட்டும். அதன் பிறகே அக்ற்றின், மயோசின் என்ற புரத இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கும், தசை சுருங்கும். உடனேயே ஒரு பம்பி சக்தியைச் செலவழித்து அதைத் திரும்பவும் குளத்துக்கு ஏற்றிவிடும், தசை தளரும். ஓய்வில் இருக்கிற தசைக் கலத்தின் உள்ளே, வெளியே இருப்பதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு கல்சியம்தான் கட்டற்றுத் திரிகிறது. இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காப்பாற்றி வைத்திருப்பதால்தான் கொஞ்சம் திறந்தாலே போதுமாகிறது. ட்ரோபோனினை 1960களில் கண்டுபிடித்தவர் ஜப்பானின் செட்சுரோ எபாஷி. அவர் மருந்தியல் பேராசிரியர். இந்தத் துறைக்கு எந்தெந்த வாசலால் ஆட்கள் வருகிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி அவனுடைய கேள்வி. ரியூசன் குறிப்பில் இன்னும் இலற்றிக் அமிலம்தான் களைப்புக்குக் காரணம் என்று இருக்கும். பரீட்சைக்கு அது போதும், ஆனால் ஆய்வாளர்கள் அதை விட்டு வெகுதூரம் வந்துவிட்டார்கள். உடல் வெப்பநிலையில் வைத்துப் பார்த்தபோது, அமிலம் தசையின் பலத்தை நினைத்த அளவு குறைக்கவில்லை. மூச்சுப் பிடித்து ஓடும்போது, தசை அவசரச் சக்திக்கு வைத்திருக்கிற கிரியேற்றின் பொஸ்பேற்று உடைந்து, தசைக்குள் பொஸ்பேற்று குவிகிறது. அது மயோசின் இழுக்கும் பலத்தைக் குறைக்கிறது, இழைகள் கல்சியத்துக்கு முன்போலப் பதில் சொல்லாமலும் செய்கிறது. அந்தப் பொஸ்பேற்று சிறுவலைக்குள்ளும் புகுந்து கல்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடுகிறது என்பதற்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. அப்படியானால் துருசைத் திறந்தாலும் வெளியே வருவது குறைவு. கடும் பயிற்சிக்குப் பிறகு அடுத்த நாளும் கால் பாரமாக இருப்பதிலும் கல்சியம் குறைவாக வெளிவருவதற்குப் பங்கு உண்டு. கடைசி நூறு மீற்றரில் கால் ஏன் கேட்கவில்லை என்று உங்கள் மகன் கேட்கிறான். இது உண்மையான விஞ்ஞானக் கேள்வி, முழு விடை இன்னும் வரவில்லை. பரீட்சைக்குப் படித்துவிட்டு மறக்கிற பிள்ளை இப்படிக் கேட்காது.

பிழைப்பு எங்கே என்று கேட்டீர்கள். 1960இல் மெல்பேர்ணில் 21 வயது மாணவர் ஒருவர் கால் முறிந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். காலைப் பற்றி அவருக்குப் பெரிய கவலை இல்லை. மயக்க மருந்துக்குத்தான் பயந்தார், ஏனென்றால் அவருடைய சொந்தத்தில் பத்துப் பேர் மயக்க மருந்தோடு இறந்திருந்தார்கள். ஹலோதேன் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தபோது அவருக்கும் உடல் கொதித்தது, நிறுத்திக் காப்பாற்றிவிட்டார்கள். அந்தக் குடும்பத்தைப் பற்றி மெல்பேர்ண் வைத்தியர்கள் டென்பரோவும் லொவெலும் எழுதிய பிறகுதான் உலகம் இந்த நோயை அடையாளம் கண்டது. பரம்பரைப் பிழை உள்ளவர்களுக்குச் சில மயக்க மருந்துகள் பட்டதும் ரையனோடின் வாங்கி திறந்தபடியே நின்றுவிடும், தசை இறுகிச் சூடு ஏறும். பன்றிகளுக்கும் இது வரும். அவற்றின் மரபணுப் பிழையை 1991இல் கண்டுபிடித்தார்கள். கல்சியம் வெளிவருவதைக் குறைக்கிற டன்ட்ரோலீன் என்ற மருந்து வந்த பிறகு, முன்பு பெரும்பாலானோரைக் கொன்ற இந்த நோயில் இப்போது பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். ஒரே புரதம்தான். ஆனால் மயக்க மருந்து வைத்தியர், மரபியலாளர், மருந்தாளர், மிருக வைத்தியர் எல்லாரும் அதைச் சுற்றி வேலை செய்திருக்கிறார்கள். இவர்களில் மிருக வைத்தியரையும் மருந்தாளரையும் நம் பெற்றோர் ஏனோ கணக்கில் எடுப்பதே இல்லை.

டுஷேன் தசைத் தேய்வு இன்னொன்று. ஏறக்குறைய ஐயாயிரம் ஆண் பிள்ளைகளில் ஒருவருக்கு வரும். டிஸ்ட்ரோபின் என்ற புரதம் இல்லாததால் தசைக் கலத்தின் மென்சவ்வு பலவீனமாகி, கல்சியம் தேவையில்லாமல் உள்ளே கசிந்து, புரதங்களை அரிக்கிற நொதியங்களைத் தூண்டிவிடுகிறது. இந்தப் பிள்ளைகளோடு ஆண்டுக்கணக்கில் அதிக நேரம் செலவழிப்பவர்களில் இயன்மருத்துவரும் (பிசியோதெரபிஸ்ட்) ஒருவர்.

ஆகவே மகனிடம் ஒன்றைக் கேளுங்கள்: தசையைப் பார்க்க வேண்டுமா, தசை பழுதான ஆளைப் பார்க்க வேண்டுமா? ஆள் என்றால் இயன்மருத்துவம். கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் பேராதனையிலும் பட்டப்படிப்பு இருக்கிறது, முடித்து இலங்கை மருத்துவச் சபையில் பதிந்தால் அரச, தனியார் ஆஸ்பத்திரி, விளையாட்டு அணி என்று வேலை இருக்கிறது. பதில் தசை என்று வந்தால் கொழும்பிலேயே உயிர்இரசாயனமும் மூலக்கூற்று உயிரியலும் இருக்கிறது. இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: ஆய்வாளர் வேலைக்கு முதல் பட்டம் காணாது. நல்ல வகுப்புச் சித்தி, பிறகு வெளிநாட்டுப் புலமைப்பரிசில், கலாநிதிப் பட்டம் என்று பத்து வருடம் போகலாம். இடையில் நிறுத்தினால் ஆய்வுகூடம், மருந்துக் கம்பனி, கற்பித்தல் என்று வழிகள் உண்டு. சம்பளம் ஆரம்பத்தில் மருத்துவர் அளவுக்கு வராது. விளையாட்டு விஞ்ஞானம் ஸ்ரீ ஜயவர்தனபுரவிலும் சப்ரகமுவவிலும் உண்டு, ஆனால் மூலக்கூறு வரைக்கும் தோண்ட ஆசைப்படுகிறவனுக்கு அது முதல் தெரிவு என்று நான் சொல்லமாட்டேன்.

மூன்றாம் தரம்? மருத்துவம் அவனுடைய ஆசையாக இருந்தால் நானே எழுதச் சொல்லியிருப்பேன். இது உங்கள் ஆசை. அந்த ஒரு வருடத்தை ஆங்கிலத்துக்கும் கொஞ்சம் கணினி நிரலாக்கத்துக்கும் கொடுத்தால் பலன் கூட. தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளைகள் முதல் வருடத்தில் தடுமாறுவது பாடத்தால் அல்ல, விரிவுரை ஆங்கிலத்தில் ஓடுவதால். தனியார் நிறுவனம் ஏதாவது காசு கேட்டால், பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பார்க்காமல் முற்பணம் கட்ட வேண்டாம்.

விண்ணப்பத்தில் தெரிவுகளின் ஒழுங்கு முக்கியம். மேலே எழுதியது கிடைத்துவிட்டால் கீழே உள்ளதைப் பார்க்கமாட்டார்கள். மானம் மரியாதைக்காக வேண்டாத பாடத்தை மேலே போட்டுவிட்டுப் பிறகு என்னிடம் வருகிற குடும்பங்கள் ஏராளம். முதல் மூன்று தெரிவையும் மகன் எழுதட்டும். நாலாவதில் இருந்து நீங்களும் சேர்ந்து யோசியுங்கள்.