சேது ஏன் அவளைக் கூட்டி வரவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாவலை இரண்டே இரவில் முடித்தேன். முடித்ததும் கோபம்தான் வந்தது. 2019-இலிருந்து 1010-ஆம் வருடத் தஞ்சாவூருக்குப் போய் விழுகிற சேது, கோயில் பணி செய்கிற தளிச்சேரிப் பெண் பரவையோடு நான்கு வருடம் வாழ்கிறான். திரும்பும் வழி திறந்ததும் தனியாக வந்துவிடுகிறான். கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாமே? கடைசி மாதங்களில் அவள் அவனோடு பேசாமலே இருப்பதும் புரியவில்லை. அவன் அப்படி என்ன செய்துவிட்டான்? அப்புறம், பரவை வீட்டு அம்மியில் மிளகாய் எப்படி வந்தது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் மிளகாய். தப்பு என்னுடையதுதான். போர்ச்சுக்கீசியர் வந்த பிறகுதான் அது நம் ஊருக்கு வந்தது. அடுத்த பதிப்பில் மிளகாக்கிவிடுகிறேன்.

நீங்கள் கேட்கிற மாதிரியே ஒரு முடிவை எழுதிப் பார்த்தேன். தஞ்சாவூர்ப் பழைய பேருந்து நிலையத்தில் பரவை நிற்கிறாள், சேது ரோஸ்மில்க் வாங்கித் தருகிறான், இப்படியே நாற்பது பக்கம், படிக்க ஜோராகத்தான் இருந்தது. திரும்பப் படித்தபோதுதான் தெரிந்தது, அந்த நாற்பது பக்கத்தில் அவள் வாயே திறக்கவில்லை. லைட்டைப் பார்த்து வியக்கிறாள், பஸ்ஸைப் பார்த்து வியக்கிறாள். அவ்வளவுதான் அவளுக்கு வேலை. கிழித்துப் போட்டேன்.

பெரிய கோயில் போனால் வடபுறத் திருச்சுற்றின் வெளிப்பக்கச் சுவரைப் பாருங்கள். ராஜராஜன் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயரும் அங்கே இருக்கிறது. வெறும் பெயர் இல்லை, தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்த வரிசையில், தலைவீட்டிலிருந்து எத்தனையாவது வீடு, முன்பு எந்த ஊர்க் கோயிலில் இருந்தவள் என்பது வரை தபால்காரருக்கு எழுதிக் கொடுத்த மாதிரி வெட்டியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. பங்குக்கு வருடம் நூறு கலம் நெல், ஆடவல்லான் என்கிற மரக்காலால் அளந்து. திருவாரூர், திருவையாறு, நாகப்பட்டினம் என்று பல ஊர்களிலிருந்து இவர்களைக் ‘கொண்டுவந்து’ ஏற்றியதாகக் கல்வெட்டு சொல்கிறது. விரும்பி வந்தார்களா என்று சொல்லாது. ஆக என் பரவை ஏற்கனவே ஒருமுறை ராஜா சொல்லித் திருவாரூரை விட்டு வந்தவள். இப்போது இவன் வேறு கையைப் பிடித்து இழுக்க வேண்டுமா?

சரி, அவன் என்ன செய்தான் என்று கேட்கிறீர்கள். கல்தச்சர்கள் பெயர் வெட்டி முடித்த அன்று பரவை தன் பெயரைத் தேடுகிற இடத்தைத் திரும்பப் படியுங்கள். எழுத்துக் கூட்டிக் கூட்டி அவள் பத்துப் பதினைந்து பெயர்தான் தாண்டியிருப்பாள். பின்னால் வருகிற சேது நேராகப் போய், நானூறு பெயருக்கு நடுவே ஒரு வரியில் விரலை வைத்து, ‘இதோ’ என்கிறான். கல்பொடிகூட இன்னும் உதிர்ந்து முடியாத சுவர் அது. தேடாமல் எப்படிக் கண்டுபிடித்தான்? அங்கேதான் அவளுக்குத் தெரிந்துபோகிறது, தன்னைப் பார்ப்பதற்கு முன்னாலேயே இவன் தன்னைப் படித்திருக்கிறான் என்று. ராஜா எப்போது சாவான், தலைநகர் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போனபின் இந்தத் தெரு என்ன ஆகும் என்றெல்லாம் தெரிந்துகொண்டே, நான்கு வருடம் பக்கத்தில் படுத்திருந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.

கூட வருகிறாயா என்று அவன் கேட்காததற்கும் இதுதான் காரணம். சுவரில் அவள் பெயர் இருக்கிறது, அதனால் அவள் இங்கேதான் இருந்து செத்திருப்பாள் என்று அவனாகவே கணக்கை முடித்துவிட்டான். அதே கல்வெட்டில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது: பங்கு பெற்றவர்களில் செத்தவர்கள், ‘அனாதேசம்’ அதாவது வேறு தேசம் போனவர்கள் யாராவது இருந்தால், அடுத்த உறவுக்காரர் அந்த நெல்லைப் பெற்றுக்கொண்டு பணியைச் செய்யலாம். பெயர் சுவரில் இருக்கும், ஆள் போயிருக்கலாம். சேது அந்த வரி வரைக்கும் படிக்கவில்லை. நாவலில் இந்த ஏற்பாட்டை எழுதிய ஓலையை வாசிக்கும்போது அந்த இடம் வந்ததும் பரவை தங்கையைப் பார்த்துவிட்டு, பிறகு சேதுவைப் பார்க்கிறாள். அவன் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.