சுவருக்குத் தகடு: திருகாணியையும் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: மலேசியாவின் பினாங்கில், தெலுக் கும்பாரில் கடலுக்கு அருகில் எங்கள் வீடு. சமையலறையின் வெளிச்சுவரில் மழை ஓயாமல் அடிப்பதால் உட்புறம் சாயம் உரிகிறது. சுவர் முழுவதும் நெளிவுத் தகடு அடிக்க இரண்டு குத்தகையாளர்களிடம் விலை கேட்டோம். ஒருவர் 0.42 தகடு என்கிறார். இன்னொருவர் 0.48 என்று சொல்லி அதிகம் கேட்கிறார். தடித்ததையே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. அந்த இரண்டு எண்களும் ஒரே தகடாக இருக்கலாம். பூச்சுக்கு முன் எஃகு மட்டும் 0.42 மில்லிமீட்டர் உள்ள தகடு, பூச்சும் சாயமும் சேர்ந்த பிறகு ஏறக்குறைய 0.48 ஆகிவிடும். ஒருவர் எஃகின் அளவைச் சொல்கிறார், மற்றவர் மொத்தத் தடிப்பைச் சொல்கிறார் என்றால், இல்லாத வேறுபாட்டுக்கு நீங்கள் பணம் கொடுப்பீர்கள். இருவரிடமும் எஃகின் தடிப்பை மட்டும் கேட்டு, அதைக் கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள்.

பூச்சின் எடையும் எழுத்தில் வரவேண்டும். அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சில் ஏஇசட் 150 என்றால், ஒரு சதுர மீட்டர் தகட்டுக்கு இரு பக்கமும் சேர்த்து 150 கிராம் பூச்சு. ஏஇசட் 70 என்றால் அதில் பாதிகூட இல்லை. கடையில் இரண்டும் ஒன்று போலவே பளபளக்கும். உப்புக்காற்று பட்ட பிறகுதான் எது எதுவென்று தெரியும்.

இனி, கொட்டேஷனில் பெரும்பாலும் ஒரு வரிகூட இல்லாத பொருளுக்கு வருகிறேன்: திருகாணி. கடலோரத்து வீடுகளில் தகடு நன்றாக இருக்க, திருகாணித் தலையிலிருந்து செந்நிறத் துரு வழிந்து சுவரே அழுவது போல நிற்கும். மலிவான திருகாணியில் மெல்லிய துத்தநாக முலாம்தான் உண்டு. கடல்காற்றுக்கு அது தாங்காது. கடலோர வெளிப்புற வேலைக்கு நான்காம் வகுப்பு, அதாவது ‘கிளாஸ் 4’ திருகாணி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி இன்னும் நல்லதுதானே என்று சிலர் நினைப்பார்கள். இந்த வகைப் பூச்சுக்கு அது ஆகாது. உப்பு ஈரத்தில் இரண்டு உலோகங்களும் சேர்ந்தால் திருகாணி பிழைத்து, அதைச் சுற்றியுள்ள தகடு அரிக்கும். மொத்தச் செலவில் திருகாணியின் பங்கு சிறியது. அங்கே மிச்சம் பிடிப்பவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

முன்பணம் கொடுப்பதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். ஈரம் மழை நாளில் மட்டும் வருகிறதா, வெயில் நாளிலும் இருக்கிறதா? வெயிலிலும் இருந்தால் குழாயோ குளியலறைத் தரையோ கசியக்கூடும். அதன்மேல் தகடு அடித்தால் கசிவு கண்ணுக்கு மறையும், சுவர் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: எங்கள் வேலையாள் சுவரில் தகட்டின் பள்ளத்தில் திருகாணி அடிக்கிறார். கூரையில் மேட்டில்தானே அடிப்பார்கள்? தண்ணீர் இறங்காதா?

பதில்: அவர் செய்வது சரி. கூரைப் பள்ளத்தில் தண்ணீர் ஓடும், அதனால் அங்கே மேட்டில் அடிக்கிறார்கள். சுவரில் தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும். பள்ளம் பின்னாலுள்ள சட்டத்தை ஒட்டியிருப்பதால் பிடிமானம் இறுக்கமாகும், நெளிவும் நசுங்காது.

நீங்கள் கவனிக்க வேண்டியது இறுக்கும் விதத்தை. ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கினால் போதும். அது முழுவதும் நசுங்கி வெளியே தள்ளினால் சீக்கிரம் வெடித்துவிடும், ஓட்டை திறந்துகொள்ளும். இரும்புச் சட்டத்தில் அடித்தால் திருகாணியின் குறைந்தது மூன்று புரிகள் (சுற்றுகள்) மறுபக்கம் தெரிய வேண்டும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்பு, மழைக்காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கம் திறந்திருக்கட்டும். விடியற்காலையில் மேற்குக் கரையில் அடிக்கும் சுமத்ராக் காற்று தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளும். விளிம்பு அதை நோக்கியிருந்தால் நீர் உள்ளே போகும். தகட்டின் அடிவிளிம்பு தரையையோ ஈரச் சிமெண்டையோ தொடக்கூடாது. சிமெண்டின் காரம் பூச்சைத் தின்றுவிடும்.

கிரைண்டரால் தகடு வெட்டுகிறார்களா? நிறுத்தச் சொல்லுங்கள். அந்தச் சூட்டில் வெட்டு விளிம்பின் பூச்சு கருகும். தெறிக்கும் பொடி தகட்டில் ஒட்டி, சில நாட்களில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். தகடு வெட்டும் கத்தரி போதும். துளையிட்ட தூளையும் அன்றன்றே துடைத்துவிட வேண்டும்.

கேள்வி: கப்பளா பத்தாஸில் சென்ற ஆண்டு அடித்த தகட்டில் திருகாணிகள் எல்லாம் துருவேறிவிட்டன. குத்தகையாளர் கைப்பேசியை எடுப்பதில்லை. உத்தரவாதத் தாளும் இல்லை. என்ன செய்வது?

பதில்: தாள் இல்லாததால் உரிமை போய்விடாது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், வேலை தகுந்த கவனத்தோடும் திறமையோடும் நடந்திருக்க வேண்டும். எழுதிக் கொடுக்காவிட்டாலும் இது சட்டம் தரும் உத்தரவாதம்.

முதலில் என்ன குறை, எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்று எழுத்தில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் செய்தியானாலும் பரவாயில்லை, அழிக்காதீர்கள். பதில் வராவிட்டால் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா மலேசியா என்னும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம். குறை நேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் வேண்டியதில்லை, நீங்களே பேசலாம். ரசீதையும் துருவேறிய திருகாணிகளின் படங்களையும் கொண்டுபோங்கள். கழற்றிய திருகாணிகளில் இரண்டு மூன்றை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வதும் நல்லது.