அரசுப் பணத்தில் வெளிநாடு போகும் பெண் நம்மை மறந்துவிடுவாளா?

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் இரண்டு கேள்வி கேட்டீர்கள். உங்கள் மகள் பாப்பாவுக்கு வெளிநாட்டில் படிக்க அரசு உதவித்தொகை கிடைக்குமா என்பது ஒன்று. கிடைத்து இங்கிலாந்து போய்விட்டால், திரும்பி வந்து தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டு வாசலில் உட்கார்ந்து நம்மோடு பேசுவாளா என்பது இன்னொன்று. முதல் கேள்வியை எல்லாப் பெற்றோரும் கேட்பார்கள். இரண்டாவதை வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. அதற்குத்தான் நிறைய எழுதப்போகிறேன்.

பணத்தை முதலில் முடித்துவிடுவோம். மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் ஆண்டுக்கு நாடு முழுவதற்கும் 125 இடங்கள். அதில் 115 பட்டியல் சாதி மாணவர்களுக்கு. வயது 35-க்குள் இருக்க வேண்டும், பட்டப்படிப்பில் 60 சதவீதம் வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்தைத் தாண்டக்கூடாது. பிரிட்டன் என்றால் கல்விக் கட்டணம் போக, வாழ்க்கைச் செலவுக்கு ஆண்டுக்கு 9,900 பவுண்டு தருகிறார்கள். விமான டிக்கெட், விசா, மருத்துவக் காப்பீடும் அதில் வந்துவிடும். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் தனி. அதில் ஆண்டுக்கு 36 லட்சம் வரை கிடைக்கும். கொழுந்து பறிக்கும் குடும்பத்துக்கு வருமான வரம்பு ஒரு தடையே இல்லை. ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் படித்து நல்ல மதிப்பெண்ணோடு வந்திருக்கிற பெண்ணுக்கு இதைக் கேட்க முழு உரிமை இருக்கிறது. யாரும் போடும் பிச்சை இல்லை இது.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. மத்திய அரசுத் திட்டத்துக்கு, பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் க்யூஎஸ் உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் வரும் பல்கலைக்கழகத்தில் நிபந்தனை இல்லாத சேர்க்கைக் கடிதத்தை மாணவரே முன்கூட்டி வாங்கி வைத்திருக்க வேண்டும். தேர்வு செய்யும்போதும் அந்தத் தரவரிசையில் மேலே இருக்கும் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவருக்கே முன்னுரிமை. அப்படியானால் பணம் யாருக்கு முதலில் போகும் என்று யோசித்துப் பாருங்கள். டெல்லியிலோ சென்னையிலோ பெரிய கல்லூரியில் படித்து, சீனியர் ஒருவர் ஏற்கெனவே அங்கே இருந்து, கட்டுரையைத் திருத்திக் கொடுத்து, எந்தப் பேராசிரியருக்கு எழுதலாம் என்று சொல்லித் தரும் பிள்ளைக்குத்தான். ஏழைப் பிள்ளைகளுக்கான திட்டத்திலேயே, வழி தெரிந்த பிள்ளை முன்னால் போய்விடுகிறது. பழங்குடியினர் நல அமைச்சகத்தின் திட்டத்தில் இன்னும் மோசம். மொத்தமே 20 இடம். அதில் மிகவும் நலிந்த பழங்குடிகளுக்கு 3. நம் நீலகிரி மாவட்டத்தில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு சமூகமும் அந்தப் பட்டியலில்தான் வருகிறது. இந்தியா முழுக்க அப்படி 75 சமூகங்கள். மூன்று இடத்தை வைத்துக்கொண்டு யாருக்கு என்று பங்கு போடுவது? எனக்கு இது ஆறவே இல்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. உங்கள் பயம் வெறும் பயம் இல்லை, அண்ணா. சிங்கப்பூரில் பிளஸ் டூ அளவிலேயே சிறந்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அரசு செலவில் வெளிநாட்டில் படிக்க வைக்கிறார்கள். பொதுச்சேவை ஆணையத்தின் உதவித்தொகை வாங்கினால் பொதுவாக ஆறு ஆண்டு அரசு வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம். பலர் உயர் நிர்வாகப் பதவிகளுக்கு வந்துவிடுகிறார்கள். சில பெரிய பள்ளிகளிலிருந்தே நிறையப் பேர் தேர்வாகிறார்கள், அவர்களுக்குச் சாதாரணக் குடும்பத்தின் பாடு தெரியாமல் போகிறது என்று அங்கேயே பல வருடமாக வாதம் நடக்கிறது. பணம் கொடுத்தது மக்கள். ஆனால் பதினெட்டு வயதிலேயே ‘நீதான் கெட்டிக்காரன்’ என்று முத்திரை குத்திவிட்டால், முழுக்கத் தன் மூளையால் வந்தது என்று பிள்ளை நம்பிவிடுகிறது.

நம் பக்கம் அண்ணல் அம்பேத்கரைப் பாருங்கள். 1913-இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கொடுத்த உதவித்தொகையில்தான் கொலம்பியா போனார். ஒப்பந்தப்படி பரோடாவுக்கு வேலைக்குத் திரும்பியபோது தங்க ஓர் இடம் தர ஆளில்லை. அப்படி அவமானப்பட்டவர், பிறகு வைஸ்ராய் கவுன்சிலில் இருந்தபோது பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க அரசுப் பணம் கேட்டு வாங்கினார். 1956-இல் ஆக்ராவில் பேசும்போதோ, படித்தவர்கள் சமூகத்துக்குத் திரும்பவில்லை, தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள் என்று மனம் உடைந்து பேசினார். எனவே நீங்கள் பயப்படுவதைத்தான் அவரும் பயந்தார். ஆனால் அதற்காகப் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

பாப்பா எழுதிய விண்ணப்பக் கட்டுரையைப் படித்தேன். இதைச் சொன்னதற்காக அவளைத் திட்டாதீர்கள். அதில் உங்களைப் பற்றி ‘தேயிலைத் துறையில் பணிபுரிகிறார்’ என்று மட்டும் இருக்கிறது. அம்மா கொழுந்து எடுப்பதும், தாத்தா இலங்கையிலிருந்து வந்ததும் அதில் இல்லை. காலையில் காட்டெருமை எந்தப் பக்கம் இறங்குகிறது என்று இரண்டு வருடமாக நோட்டில் குறித்து, வேலைக்குப் போகும் பெண்களுக்குச் சொல்லி வந்தாளே, அதையும் விட்டுவிட்டாள். கேட்டால், ‘அதெல்லாம் எழுதினால் சின்னதாகத் தெரியும் சார்’ என்கிறாள். நீங்கள் பயப்படும் விலகல் விமானம் ஏறிய பிறகு வருவதில்லை, அண்ணா. இங்கேயே, பெரிய இடத்தில் நம் வீட்டைச் சொல்லக் கூசுவதில் ஆரம்பிக்கிறது. அந்தக் கூச்சத்தைப் போக்க உங்களால்தான் முடியும். தாத்தா இலங்கையிலிருந்து வந்து மண்டபம் முகாமில் இறங்கி மலைக்கு வந்த கதையை அவளுக்கு முழுதாகச் சொல்லுங்கள். சும்மா இரண்டு வரியில் வேண்டாம்.

நான் அவளிடம் கட்டுரையைத் திரும்ப எழுதச் சொல்லியிருக்கிறேன், அந்த நோட்டிலிருந்து ஆரம்பித்து. மனித-விலங்கு மோதலைப் பற்றி ஆராயப் போகிறவளுக்கு அதைவிடப் பெரிய சான்று கிடையாது. பல்கலைக்கழகத்தில் விண்ணப்பத்தைப் படிப்பவர்கள் தேடுவதும் அதைத்தான். இன்னொன்றும் கேட்டிருக்கிறேன்: அவளுக்கு அடுத்த வருடம் படித்து முடிக்கிற இரண்டு பிள்ளைகளை இப்போதே பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு படிவத்தையும் அவர்கள் கண் முன்னால் நிரப்ப வேண்டும். ஒருத்தி கடிதம் வாங்கினால் மூன்று பேருக்கு வழி தெரிந்துவிடும். அவள் உடனே சரி என்றாள், பணியர் காலனியிலிருந்து வரும் பெண்ணின் பெயரையும் அவளே சொன்னாள்.

உங்கள் வேலை இது. தாசில்தார் அலுவலகத்தில் சாதிச் சான்றுக்குத் தாத்தாவின் தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டையைக் கேட்பார்கள். அசலைக் கொடுத்துவிடாதீர்கள், காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்திலும், பாஸ்போர்ட்டுக்குப் பாஸ்போர்ட் சேவா இணையதளத்திலும் இந்த மாதமே பதிந்துவிடுங்கள். பாஸ்போர்ட்டிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள். ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் தேர்வுக்கு அவளைக் கோவைக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கும், அந்த வாரம் உங்களுக்கு லீவு கிடைக்குமா என்று எனக்குச் சொல்லுங்கள்.